சித்தி வீட்டுத் தண்ணீர்

சத்திரப்பட்டியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் காதால் கேட்டுவிடலாம். ராஜபாளையத்துக்குக் கிழக்கே இருக்கும் அந்த ஊரிலும் பக்கத்துச் சமுசிகாபுரத்திலும் தெருவுக்குத் தெரு விசைத்தறிச் சத்தம். அங்கே நெய்வது சேலையோ வேட்டியோ இல்லை, பேண்டேஜ் துணி. இழைகளை எண்ணிவிடலாம் போல இருக்கும் அந்த மெல்லிய துணிதான் வெளுக்கப்பட்டு, வெட்டப்பட்டு, சுருட்டப்பட்டு எங்கெங்கோ ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. முகம் தெரியாத ஒருவரின் காயத்தைச் சுற்றியிருக்கும் துணிக்குப் பின்னால் தார் சுற்றிக் கொடுத்த ஒரு பெண்ணின் கை இருக்கிறது. என் சித்தியின் கையும் அப்படி ஒன்று.

சித்தி அம்மாவுக்கு நேர் இளையவள். சித்தப்பா லாரி ஓட்டினார். பஞ்சுப் பேல் ஏற்றிக்கொண்டு மராட்டியம், குஜராத் என்று போவார். திரும்பி வரும்போது எங்களுக்கு ஏதாவது வாங்கி வருவார். ஒருமுறை எனக்கு ஒரு மை பேனா. நல்ல மனிதர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள், நானும் அப்படித்தான் இன்றும் நினைக்கிறேன். 1998-இல் அவருக்கு இருமல் வந்தது, உடம்பு வற்றியது. டி.பி. என்றார்கள். 1999-இல் ஓர் ஆஸ்பத்திரியின் பொது வார்டில், பத்துப் பேர் கேட்க, "ஒம் புருசனுக்கு எய்ட்ஸும்மா, நீயும் ரத்தம் குடுத்துப் பாத்துக்க" என்று சித்தியிடம் சொன்னார்கள். அன்று மாலைக்குள் அந்தச் செய்தி ஊருக்கு வந்துவிட்டது. சித்தப்பா வருவதற்கு இன்னும் நான்கு நாள் ஆனது. உயிரில்லாமல்தான் வந்தார்.

அப்போது நான் பி.ஏ. தமிழ் இரண்டாம் ஆண்டு. பதினாறாம் நாள் விசேஷத்துக்கு அம்மாவோடு போயிருந்தேன். வெயிலில் நடந்து வந்த எனக்குச் சித்தி ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். தண்ணீரால் அந்த நோய் பரவாது என்று எனக்குத் தெரியும். கல்லூரிச் சுவரிலேயே அதைப் படம் போட்டு ஒட்டியிருந்தார்கள். தெரிந்தும் நான் குடிக்கவில்லை. கொல்லைப் பக்கம் போய், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, முருங்கை மரத்தடியில் ஊற்றிவிட்டு வந்தேன்.

இருபத்தைந்து வருடங்களாகப் பெண் உடல் குறித்துக் கவிதை எழுதிக்கொண்டிருக்கிறேன். முனைவர் பட்டமும் வாங்கிவிட்டேன். மேடையில் பேசக் கூப்பிடுகிறார்கள். அந்த ஒரு டம்ளர் தண்ணீரை மட்டும் இதுவரை எங்கேயும் எழுதியதில்லை.

*

இப்போது எழுதவைத்தது ஒரு மாணவி. ஸ்ரீவில்லிபுத்தூரில் நான் வேலை பார்க்கும் கல்லூரியில் வேதியியல் படிக்கும் பெண். பகுதி ஒன்று தமிழுக்காக என் வகுப்பில் இருந்தாள். ஏதோ ஒரு போட்டிக்கு அறிவியல் கட்டுரையைத் தமிழில் எழுத வேண்டும் என்று வந்து நின்றாள். தலைப்பு: தொற்றுநோய்க்கு மருந்து சுமக்கும் பாலிமர்கள். "மேடம், பாலிமர்னே எழுதவா, பலபடின்னு எழுதவா?" என்று கேட்டாள். பாடநூலில் பலபடி என்றுதான் இருக்கிறது. ஒரே மாதிரியான சிறு மூலக்கூறுகள் ஒன்றோடு ஒன்று கைகோத்து நீளமான சங்கிலியாக நிற்பது. பிளாஸ்டிக், ரப்பர், சிலிகோன் எல்லாம் பலபடிகள். பஞ்சும் ஒரு பலபடி என்று அவள்தான் எனக்குச் சொன்னாள். சர்க்கரையின் ஒரு வகையான குளுக்கோஸ், ஆயிரக்கணக்கில் கோத்து நின்றால் செல்லுலோஸ். பருத்தி இழையில் பெரும்பகுதி அதுதான்.

மருந்தை உடம்புக்குள் விடுவது ஒரு கலை என்பதையும் அவளிடம்தான் கற்றேன். மாத்திரையை விழுங்கினால் மருந்து ரத்தத்தில் ஒரேயடியாக ஏறி, பிறகு இறங்கிவிடும். இறங்குவதற்குள் அடுத்த மாத்திரை போட வேண்டும். மறந்தால் இடைவெளி விழும். அந்த இடைவெளியில் கிருமி மருந்தை எதிர்க்கப் பழகிக்கொள்ளும். ஆனால் மருந்தை ஒரு பலபடிக்குள் பொதிந்து வைத்தால், அது கொஞ்சம் கொஞ்சமாக, நாள் கணக்கில், மாதக் கணக்கில் வெளியே கசியும். நினைவில் வைத்துக்கொள்ளும் வேலையை மனிதரிடமிருந்து வாங்கிப் பொருளிடம் கொடுத்துவிடுகிறார்கள்.

இதில் எளிமையான உதாரணம் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. தீக்காயத்துக்குப் போடும் மெழுகுத் துணி. சல்லடை போன்ற துணியில் பாரஃபினைத் தோய்த்து, கிருமி கொல்லும் மருந்தையும் சேர்த்துக் காயத்தின் மேல் வைக்கிறார்கள். மருந்து மெல்ல இறங்கும், பிரிக்கும்போது புண்ணோடு ஒட்டி இழுக்காது. முதல் உலகப் போர்க் காலத்தில் பிரான்சில் இந்தத் துணிக்கு வழிசெய்தவர் ஓகுஸ்த் லூமியேர். தம்பியோடு சேர்ந்து உலகத்துக்கு சினிமா காட்டிய அதே லூமியேர். இதைச் சொன்னபோது மாணவி சிரித்தாள். அப்புறம் கட்டுரைக்காகத் தேடியதில் கிடைத்த ஒரு தாளை என் முன்னால் வைத்தாள். செல்லுலோஸ் சல்ஃபேட். பருத்தியிலிருந்து எடுத்த ஒரு களிம்பு. எச்.ஐ.வி. வராமல் தடுக்கப் பெண்கள் உள்ளே பூசிக்கொள்வதற்காகச் செய்தது. சோதனை நடந்த இடங்களில் சென்னையும் இருந்தது.

பருத்தி என்ற சொல்லையும் எச்.ஐ.வி. என்ற சொல்லையும் ஒரே வரியில் பார்த்ததும் எனக்குத் தறிச் சத்தம் கேட்டது.

*

இந்தக் களிம்பு ஏன் தேவைப்பட்டது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டுபிடிக்கப்பட்டது சென்னையில். கண்டுபிடித்தவர்கள் இரண்டு பெண்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பேராசிரியராக இருந்த சுனிதி சாலமன், அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலா. பாலியல் தொழில் செய்ததாகப் பிடித்துக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடம் நிர்மலா ரத்தம் சேகரித்தார். மாதிரிகளைத் தன் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துப் பாதுகாத்து, 1986 பிப்ரவரியில் வேலூருக்கு எடுத்துச் சென்று சோதித்தார். ஆறு பேருக்கு இருந்தது.

பெரிய வேலை. அந்த இருவருக்கும் நாடு கடன்பட்டிருக்கிறது. ஆனால் அந்தச் செய்தியை நாடு எப்படி வாங்கிக்கொண்டது என்று யோசித்துப் பாருங்கள். ஊசி குத்தப்பட்டது அந்தப் பெண்களின் கையில். அவர்களிடம் போய் வந்த ஆண்களின் பட்டியல் யாரிடமும் இல்லை. அதனால் நோய்க்கு ஒரு பெண்ணின் முகம் வந்துவிட்டது. 'அந்த மாதிரிப் பொம்பளைகளுக்கு வர்றது' என்று ஊர் முடிவு கட்டியது. தாலி கட்டிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருப்பவளுக்கு அது சம்பந்தமில்லாத விஷயம் ஆகிவிட்டது.

சுனிதி சாலமன் 1993-இல் தொடங்கிய ஒய்.ஆர்.ஜி. கேர் மையத்தில் சிகிச்சைக்கு வந்த 134 பெண்களின் விவரங்களை வைத்து 2000-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. அவர்களில் 81 சதவீதம் பேர் இல்லத்தரசிகள். 88 சதவீதம் பேர் வாழ்க்கையில் ஒரே ஓர் ஆணோடு மட்டும் உறவு வைத்திருந்தவர்கள். ஊர் எதைப் பத்தினித்தனம் என்று சொல்கிறதோ அதைக் கடைப்பிடித்தவர்கள். அவர்களுக்கு ஆபத்து வந்த வழி திருமணம். என் சித்தி அந்த 134 பேரில் இல்லை. ஆனால் அந்தத் தாளில் அவள்தான் இருக்கிறாள்.

அப்போது இருந்த ஒரே தடுப்பு ஆணுறை. அது ஆணின் கையில் இருக்கும் பொருள். 'போட்டுக்கோங்க' என்று ஒரு மனைவி சொன்னால் அதற்கு இரண்டே அர்த்தம்தான்: நான் உன்னைச் சந்தேகப்படுகிறேன், அல்லது நீ என்னைச் சந்தேகப்படலாம். இரண்டுக்கும் அடி விழும். 1990-இல் ஸீனா ஸ்டைன் என்ற தொற்றுநோயியல் அறிஞர், பெண்கள் தாங்களே பயன்படுத்தக்கூடிய தடுப்பு முறைகள் வேண்டும் என்று அமெரிக்கப் பொதுச் சுகாதார இதழ் ஒன்றில் எழுதினார். அவர் தென்னாப்பிரிக்காவில் பிறந்தவர். பெண்கள் இயக்கங்கள் அந்தக் கோரிக்கையை எடுத்துக்கொண்டன. களிம்பு, பஞ்சு, வளையம் என்று தேடல் ஆரம்பித்தது.

செல்லுலோஸ் சல்ஃபேட் அந்தத் தேடலின் ஒரு பெரிய நம்பிக்கை. செல்லுலோஸ் சங்கிலியில் சல்ஃபேட் தொகுதிகளைத் தொங்கவிட்டால் அதற்கு எதிர்மின் தன்மை வரும். வைரஸின் மேலுறையில் நேர்மின் தன்மையுள்ள பகுதிகள் உண்டு. இரண்டும் ஒட்டிக்கொள்ளும், வைரஸ் உடம்பின் செல்லுக்குள் நுழைய முடியாது. சோதனைக் குழாயில் இது நடந்தது. தென்னாப்பிரிக்கா, உகாண்டா, பெனின் ஆகிய ஆப்பிரிக்க நாடுகளிலும், இந்தியாவில் சென்னையிலும் கர்நாடகத்தின் பாகல்கோட்டிலும் பெண்களிடம் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு மருந்துக் களிம்பு, பாதிப் பேருக்கு மருந்தில்லாத களிம்பு. யாருக்கு எது என்று கொடுப்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது.

2007 ஜனவரி இறுதியில் சோதனையைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். இடையில் கணக்கெடுத்தபோது, மருந்துக் களிம்பு பூசியவர்களிடம் தொற்று அதிகமாகத் தெரிந்தது. பிறகு 2008-இல் வெளியான முழுக் கணக்கில் சுமார் 1,400 பெண்களில் 41 பேருக்குப் புதிதாகத் தொற்று. மருந்துக் களிம்பு பூசியவர்களில் 25 பேர், மற்றவர்களில் 16 பேர். இந்த வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம், களிம்பு கெடுதல் செய்தது என்று அடித்துச் சொல்ல முடியாது என்றது கணக்கு. ஆனால் காப்பாற்றவில்லை என்பது உறுதியானது.

நான் நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தது அந்த 41 என்ற எண்ணை. சோதனையில் சேர்ந்த பெண்களுக்கு ஆணுறையும் ஆலோசனையும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். முறைப்படிதான் நடந்தது. ஆனாலும் ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று தெரிய, சில பெண்களுக்கு நோய் வந்தாக வேண்டியிருக்கிறது. ஒருவருக்கும் வரவில்லை என்றால் எதையும் நிரூபிக்க முடியாது. அதற்கு எந்தப் பெண்களைத் தேடிப் போகிறோம்? 'வேண்டாம்' என்று சொல்ல முடியாத நிலையில் இருப்பவர்களை. அறிவியல் யாருடைய உடம்பில் நின்று உயரத்தை எட்டுகிறது என்று கேட்பது அறிவியலுக்கு எதிரான பேச்சாகாது. எங்கள் ஊர்த் துணி யாருடைய கையில் நெய்யப்பட்டது என்று கேட்பது போன்ற கேள்விதான் அது.

*

தேடல் நிற்கவில்லை. 2010-இல் தென்னாப்பிரிக்காவின் குவாஸுலு-நட்டாலில் 889 பெண்களிடம் டெனோஃபோவிர் என்ற மருந்து கலந்த களிம்பைச் சோதித்ததில் தொற்று 39 சதவீதம் குறைந்தது. குராய்ஷா அப்துல் கரீமும் சலீம் அப்துல் கரீமும் நடத்திய ஆய்வு அது. கொண்டாடினார்கள். அந்தக் களிம்பைக் கட்டியாக நிறுத்தி வைத்திருந்ததும் செல்லுலோஸின் இன்னொரு வடிவம்தான். பிறகு நடந்த பெரிய சோதனைகளில் அந்த வெற்றி திரும்பவில்லை. வாய்ஸ் என்று பெயரிட்ட ஆய்வில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கப் பெண்கள். மாத்திரையும் களிம்பும் பயன்படுத்துகிறோம் என்று அவர்கள் சொன்னார்கள். ரத்தத்தைப் பரிசோதித்தால் பெரும்பாலான மாதிரிகளில் மருந்தே இல்லை.

பொய் சொன்னார்கள் என்று இதைப் படிப்பது சுலபம். நான் மாத்திரை டப்பாவை எங்கே வைப்பது என்று யோசிக்கிறேன். கூட்டுக் குடும்பத்தில், ஒரே பீரோவில், மாமியார் சாவி வைத்திருக்கும் வீட்டில், எச்.ஐ.வி. மாத்திரை என்று எழுதிய டப்பாவை எங்கே ஒளிப்பது? 'உனக்கு நோய் இருக்கா?' என்ற கேள்வியை யார் தாங்குவது?

அதற்கு மாற்றாக வந்ததுதான் வளையம். வளையக்கூடிய சிலிகோன் வளையம். பார்க்க வெள்ளை வளையல் ஒன்றைச் சிறிதாக்கியது போல இருக்கும். சிலிகோனுக்குள் டாபிவிரின் என்ற மருந்து 25 மில்லிகிராம் கலந்திருக்கும். பெண் தானே உள்ளே வைத்துக்கொள்ளலாம். மருந்து அதிகம் இருக்கும் இடத்திலிருந்து குறைவாக இருக்கும் இடத்துக்கு நகர்வது இயற்கை. சிலிகோன் அந்த நகர்வை மெதுவாக்கிப் பிடித்துவைக்கும். ஒரு மாதத்தில் வெளியே வருவது சுமார் 4 மில்லிகிராம்தான். மாதம் முடிந்ததும் எடுத்துவிட்டு வேறொன்று வைக்க வேண்டும். தினமும் எதையும் நினைவில் வைக்க வேண்டாம். ஒளித்து வைக்க டப்பா கிடையாது. கணவனுக்குத் தெரியாமலேயே இருக்கலாம்.

2016-இல் ஆப்பிரிக்காவில் நடந்த இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவு வந்தது. ஒன்றில் தொற்று 27 சதவீதமும் இன்னொன்றில் 31 சதவீதமும் குறைந்திருந்தது. முழுக் காப்பு இல்லை. 21 வயதும் அதற்குக் கீழும் உள்ள பெண்களுக்குப் பலனே தெரியவில்லை. அவர்கள் வளையத்தைத் தொடர்ந்து வைத்திருக்கவில்லை. எப்படித் தெரிந்தது? கழற்றிக் கொடுத்த வளையத்தில் எவ்வளவு மருந்து மிச்சம் இருக்கிறது என்று அளந்தார்கள். ஒரு பெண் தன் படுக்கையறையில் என்ன செய்தாள் என்பதை வளையம் போய்ச் சொல்லிவிட்டது. கணவனுக்குத் தெரியாத ரகசியம் ஆய்வகத்துக்குத் தெரிந்தது. ஆனாலும், இருப்பதற்குள் இது நல்லது என்று 2021 ஜனவரியில் உலகச் சுகாதார நிறுவனம், ஆபத்து அதிகமுள்ள பெண்களுக்குக் கூடுதல் தடுப்பாக இதைப் பரிந்துரைத்தது.

2024-இல் இன்னும் பெரிய செய்தி. லெனகாபவிர் என்ற ஊசி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வயிற்றுத் தோலுக்கடியில் போட்டால், மருந்தே அங்கே ஒரு கட்டியாகத் தங்கி மெல்லக் கரைகிறது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் அந்த ஊசி போட்டுக்கொண்ட 2,134 பெண்களில், முடிவு அறிவிக்கும்வரை, ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. இதை மலிவாகத் தயாரிக்க உரிமம் பெற்ற நிறுவனங்களில் இந்திய நிறுவனங்களும் உண்டு. பூஜ்ஜியம் என்ற எண்ணைப் பார்த்து நான் அழுதேன் என்று சொன்னால் என் மாணவி நம்பமாட்டாள்.

*

வளையத்தைப் பற்றி எனக்குள் ஒரு வழக்கு நடந்துகொண்டே இருந்தது.

பெண்ணுக்குத் தெரிந்து, ஆணுக்குத் தெரியாமல் ஒரு காப்பு. விடுதலையா அது? 'வேண்டாம்' என்று சொல்லும் உரிமையை வாங்கித் தர முடியாத உலகம், சொல்லாமலே பிழைத்துக்கொள்ள ஒரு கருவியைக் கொடுக்கிறது. ஆணைத் திருத்துவது கஷ்டம், சிலிகோனை வார்ப்பது சுலபம். கருத்தடையில் இதை ஏற்கெனவே பார்த்துவிட்டோம். காப்பர்-டி, மாத்திரை, ஆபரேஷன் எல்லாம் பெண் உடம்புக்கே. மலைக்காற்றும் பால்கோவாவும் சுகமாக இருக்கும் எங்கள் ஊரில், தன் உடம்பின் வேட்கையைப் பாட்டாகப் பாடிய ஒரு பெண்ணைத் தெய்வமாக வைத்துத் தேர் இழுக்கிறோம். அவளுடைய பாடல்களில் சிலவற்றை வகுப்பில் நடத்தும்போது இன்றைக்கும் தலை குனிந்துகொள்கிறோம். இந்த ஊரில் வளையம் பற்றி யார் யாரிடம் பேசுவது?

வகுப்பில் ஒருநாள் பேசிப் பார்த்தேன். சிரிப்பு, கிசுகிசு, பிறகு அமைதி. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள்: "மேடம், அது வந்தாலும் வாங்கப் போனா மெடிக்கல்ல யாரு நிப்பாங்க? எங்க தெரு மாமாதான நிப்பாரு?" நாப்கினையே கறுப்புப் பையில் சுற்றிக் கொடுக்கும் கடை அது. பலபடி வேதியியலில் இதற்கு விடை இல்லை.

2018 டிசம்பரில் எங்கள் மாவட்டத்தில் ஒரு கர்ப்பிணிக்கு எச்.ஐ.வி. தொற்றுள்ள ரத்தம் ஏற்றப்பட்ட செய்தி நாட்டையே உலுக்கியது. ஆசிரியர் அறையில் அதைப் பேசிக்கொண்டிருந்தபோது ஒருவர், "ரத்தத்தாலதான் வந்துச்சுன்னு எப்படிச் சொல்ல முடியும்?" என்றார். எம்.ஏ., எம்.ஃபில்., பி.எச்டி. படித்த அறை அது. அன்றைக்கு நான் சத்தம் போட்டேன். போட்டுவிட்டு உட்கார்ந்தபோது முருங்கை மரம் ஞாபகம் வந்தது.

*

சென்ற தை மாதம் சித்தியைப் பார்க்கப் போனேன். அவளுக்கு அறுபது நெருங்குகிறது. நல்ல ஆரோக்கியமாக இருக்கிறாள்.

சித்தப்பா இறந்த பிறகு சோதித்ததில் அவளுக்கும் தொற்று இருந்தது. மூன்று வயதுப் பையனுக்கு இல்லை. தார் சுற்றிக்கொண்டிருந்த இடத்தில் நிறுத்திவிட்டார்கள். "ஆஸ்பத்திரிக்குப் போற துணி, அதுல ஒங் கை படலாமா" என்றாராம் தறிக்காரர். வெளுத்து, காய்ச்சி, ஆவியில் வேகவைத்துத்தான் அந்தத் துணி காயத்துக்குப் போகிறது. உடம்புக்கு வெளியே அந்தக் கிருமி அதிக நேரம் தாங்காது. இதெல்லாம் அவருக்கும் சொல்லப்பட்டிருக்கும். எனக்குச் சொல்லப்பட்டது போல. சித்தி இரண்டு வருடம் பருத்திக்காட்டு வேலைக்குப் போனாள். 2004 ஏப்ரலில் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்கத் தொடங்கியது. தாம்பரம் மருத்துவமனை அந்த முதல் எட்டில் ஒன்று. எங்கள் பக்கத்துக்கும் அது வந்து சேர்ந்ததும் சித்தி மாத்திரை போடத் தொடங்கினாள். இருபது வருடத்துக்குமேல் ஆகிறது. ஒரு நாள்கூட விட்டதில்லை. மாத்திரை டப்பா சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும். இப்போது இன்னொரு இடத்தில் பேண்டேஜ் சுருட்டிக் கட்டுக் கட்டும் வேலை. அங்கே அவளைப் பற்றித் தெரியும், யாரும் கேட்பதில்லை.

1998-இல் சென்னையில், கௌசல்யாவும் சில பெண்களும் தங்களுக்குத் தொற்று இருப்பதை வெளியே சொல்லி, தங்களுக்கென்று ஓர் அமைப்பு தொடங்கினார்கள். அதைச் சித்தியிடம் சொல்லியிருக்கிறேன். "அவுக தைரியசாலி" என்று மட்டும் சொன்னாள்.

அன்று நான் களிம்பைப் பற்றிச் சொன்னேன். "பருத்தியிலயா?" என்று கேட்டுவிட்டு, கையிலிருந்த கட்டைப் பார்த்தாள். வளையத்தைப் பற்றிச் சொன்னேன். எப்படி இருக்கும், எங்கே வைப்பது, எவ்வளவு நாள் என்று கேட்டுக்கொண்டாள். வெட்கப்படவில்லை.

"அப்ப இது இருந்திருந்தா வச்சிருப்பியா சித்தி?"

சித்தி கொஞ்ச நேரம் பேசவில்லை.

"எதுக்கு வைக்கப் போறேன் தாயி? அவுகளுக்கு இருக்குன்னு எனக்குத் தெரியுமா? தெரிஞ்சாத்தான வைக்கணும். அவுகளச் சந்தேகப்பட்டாப் பாவம்னுதான எங்கம்மா சொல்லி அனுப்புச்சு. இருக்குன்னு அவுகளுக்கே தெரியாது போல."

நான் படித்த எந்த ஆய்வும் இதை எனக்கு இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை. வளையம் ஆணுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் தனக்கு ஆபத்து இருக்கிறது என்று பெண்ணுக்குத் தெரிந்தால்தான் அது அவள் கைக்கு வரும். அந்தத் தெரிதலைத்தான் நாம் வளர்ப்பில் பிடுங்கி வைத்திருக்கிறோம். சந்தேகப்படாதவள் நல்லவள். கேட்காதவள் குடும்பப் பெண். 1986-இல் அந்த ஊசி காப்பகத்துப் பெண்களின் கையில் மட்டும் குத்தப்பட்ட நாளிலிருந்து, வீட்டுக்குள் இருந்தவளுக்குக் கிடைத்த பாதுகாப்பு 'இது உனக்கு வராது' என்ற பொய் மட்டுமே.

அதனால் வளையம் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வரட்டும். ஊசியும் வரட்டும், எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே வரட்டும். அடி வாங்கிக்கொண்டிருக்கும் ஒருத்தியிடம் போய், ஆண்கள் திருந்தும்வரை காத்திரு என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. ஆனால் அது வரும்போது அதன் கூடவே இன்னொன்றும் வர வேண்டும்: கல்யாணத்துக்கு முன்னாலும் பின்னாலும், இருவருமே ரத்தம் கொடுத்துப் பார்ப்பது சகஜம் என்ற பேச்சு. கேட்பது பாவம் இல்லை என்ற பேச்சு. அந்தப் பேச்சை எந்த ஆய்வகமும் வார்த்துத் தராது. நாம்தான் வகுப்பிலும் அடுப்படியிலும் நாளுக்குக் கொஞ்சமாகக் கசியவிட வேண்டும்.

கிளம்பும்போது சித்தி தண்ணீர் கொண்டுவந்தாள். அதே மாதிரி எவர்சில்வர் டம்ளர். முழுதும் குடித்தேன். இத்தனை வருடத்தில் அந்த வீட்டில் எத்தனையோ முறை தண்ணீர் குடித்திருக்கிறேன், சாப்பிட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் வாய் வந்தது.

"சித்தி, சித்தப்பா பதினாறு அன்னைக்கு நீ குடுத்த தண்ணிய நான் குடிக்கல."

"தெரியும்" என்றாள். "முருங்கைக்கு ஊத்துன. அடுப்படி சன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

என்னால் நிமிர முடியவில்லை. சித்தி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"அந்த வருசம் நல்லாக் காச்சுச்சு போ. நீ மட்டுமா ஊத்துன? வந்தவுக எல்லாம் அதுலதான் ஊத்துனாக."